பிரிட்ஸ் பிஷரும் 1914-ம் ஆண்டு யுத்தப் பழியும்

சூழ்ச்சியில் வல்லவன் ஒருவனைக் கண்டால், “அவன் சரியான எம்டன்” என்று கூறுவது நம்மவர் வழக்கம். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதை மறந்தவர்களுங்கூட அச்சொல்லை மறக்கவில்லை. 1914-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ந் தேதி இரவில் அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகி, ஆங்கிருந்த எண்ணெய்த் தொட்டிகளின்மீது குண்டுமாரி பொழிந்து தீப்பற்றச் செய்தது. அக்டோபர் 28-ந் தேதி விடியற்காலையில் நம் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து, நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்னும் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9-ந் தேதி கோக்கஸ் தீவுகளினருகே சிட்னி என்னும் ஆஸ்திரேலியக் கப்பலின் பீரங்கிகளால் அதன் கதை முடிந்தது. எம்டனைச் சேர்ந்த சிலர் கைதிகளாகச் சிங்கப்பூர் டங்லின் முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர். 1915 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது அம்முகாமின் கதவுகளும் திறந்துவிடப்பட்டன. கலகம் அடங்கிய பின்னர் 47 சிப்பாய்கள் ஊரார் காணச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஐரோப்பியர் தம்முள் மூட்டிக்கொண்ட தீ, அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத நம் கரைகளையும் வந்து தீண்டிற்று. இந்தியாவிலிருந்து மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். பிரான்சு நாட்டுச் சேற்றிலும் மெசபொடேமியா மணலிலும் மடிந்தவர்கள், எதற்காக மடிகிறோம் என்று அறிந்தா மடிந்தார்கள்? தீயை மூட்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை காண வேண்டிய உரிமை, ஆதலால், ஐரோப்பியர்க்கு மட்டும் உரியதன்று.

அக்கேள்விக்கு ஜெர்மனியில் நாற்பது ஆண்டுக்காலம் ஒரே விடைதான் வழங்கி வந்தது. அதனை உடைத்தெறிந்தவர் பிரிட்ஸ் பிஷர் என்னும் ஹாம்பர்க் சர்வகலாசாலைப் பேராசிரியர். அவருடைய தொழில் வாழ்வின் வரலாற்றை அன்பர்கள் அறிந்துகொள்வது பயனுடைத்து என்று கருதி ஈண்டு எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பழைய விடை எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் காண்போம். 1919 ஜூன் 28-ந் தேதி கையெழுத்தான வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையின் 231-வது ஷரத்து, யுத்தத்தால் நேர்ந்த நஷ்டங்களுக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பாளிகள் என்று கூறிற்று. நஷ்ட ஈட்டுக் கடன் முழுவதும் இந்த ஷரத்தின்மீது ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. பழி நீங்கினால் கடனும் நீங்கும் என்று ஜெர்மன் சர்க்கார் எண்ணியதில் வியப்பில்லை. எனவே அந்நிய நாட்டு இலாகாவினுள்ளே யுத்தப் பழி பற்றிய தனிப் பிரிவு ஒன்றை நிறுவினார்கள். அப்பிரிவின் பணம் பத்திரிகைகளுக்கும், நூலாசிரியர்களுக்கும், ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் சூட்டிக்கொண்ட ஒரு பிரசார நிலையத்துக்கும் ஒழுகிற்று. 1922 முதல் 1927 வரை பழைய ராஜதந்திரத் தஸ்தாவேஜுகளை நாற்பது தொகுதிகளாக அச்சிட்டு உலகத்தின்முன் வைத்தார்கள். அத்தொகுதிகளைக் கண்டு உலகம் மயங்கிற்று. அவ்வளவு காகிதங்களை வெளியிடுகிறவன் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவனாகத்தானே இருக்கவேண்டும்! ஆனால் எதை அச்சிடுவது, எதை விடுவது என்று தீர்மானித்தவர்கள் யார் என்பதைக் கேட்டவர்கள் சிலரே. வழக்குக்கு உரிய பத்திரங்களைப் பிரதிவாதியே பொறுக்கி எடுத்துக் கோர்ட்டில் சமர்ப்பித்ததற்கு ஒப்பான காரியம் இது.

அந்நாளிலும் உண்மை பேசினோர் இல்லாமலில்லை. ஹெர்மன் கண்டோரோவிச் என்னும் சட்டப் பேராசிரியரிடம், யுத்தப் பொறுப்பைப் பற்றி அபிப்பிராயம் எழுதித் தருமாறு ஜெர்மன் பார்லிமெண்டின் விசாரணைக் கமிட்டி கேட்டுக்கொண்டது. அவர் ஆராய்ந்து, தம் நாட்டு ஆட்சியாளருக்குப் பாதகமான முடிவையே எழுதிக் கொடுத்தார். விளைவு யாதெனில், அவ்வறிக்கை அச்சேறாமல் அந்நிய நாட்டு இலாகாவினரால் தடுக்கப்பட்டது. ஹிட்லர் ஆட்சி வந்ததும் கண்டோரோவிச் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1940-ல் கேம்பிரிட்ஜில் காலமானார். அவர் அறிக்கை வெளிவந்தது 1967-ம் ஆண்டில்! அதனைப் பதிப்பித்தவர் பிஷரின் மாணாக்கராகிய இமானுவேல் கைஸ்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து, ஹிட்லரின் கொடுமைகளெல்லாம் வெளிப்பட்ட பின்னருங்கூட 1914-ஐப் பற்றிய விடை மாறவில்லை. முன்னிலும் உறுதியாயிற்று என்றே சொல்லவேண்டும். அப்போது எந்தச் சர்க்காரும் யுத்தத்தை விரும்பவில்லை, எல்லோரும் வழுக்கி விழுந்தனர் என்பதே அவ்விடை. பகை மறந்து உறவு கொள்ள விரும்பிய ஜெர்மன், பிரெஞ்சுச் சரித்திராசிரியர்கள் 1951-ல் கூடி, 1914-ல் எந்த ஒரு சர்க்காரிடமும் ஐரோப்பிய யுத்தத்தைத் திட்டமிட்டு நாடும் எண்ணம் இருந்ததாகக் கூறமுடியாது என்று ஒப்பினார்கள். இதனால் ஜெர்மானியர்க்கு ஒரு பெரும் ஆறுதல் கிடைத்தது. கைஸர் கால ஜெர்மனி நல்ல ஜெர்மனி. ஹிட்லர் இடையே வந்து புகுந்த விபத்து. பன்னிரண்டு ஆண்டு விபத்து நீங்கிவிட்டது. குடும்பத்தின் பழைய மானம் அப்படியே இருக்கிறது என்றார்கள்.

இந்த மானத்தைக் கலைக்க வந்த மனிதர் புரட்சிக்காரர் அல்லர். பிரிட்ஸ் பிஷர் 1908 மார்ச் 5-ந் தேதி பவேரியாவில் உள்ள லூட்விக்ஸ்டாட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். எர்லாங்கனிலும் பெர்லினிலும் கிறிஸ்தவ சமய நூல்களையும் சரித்திரத்தையும் கற்றார். 1938-ல் அவர் வெளியிட்ட நூல் மொரிட்ஸ் ஆகஸ்ட் பெத்மன் ஹால்வெக் என்ற பிரமுகரின் சமயப் பணியைப் பற்றியது. அந்தப் பிரமுகரின் பேரன்தான் 1914-ல் ஜெர்மனியின் சான்ஸலராக இருந்த தியோபால்ட் பெத்மன் ஹால்வெக். பாட்டனாரைப் போற்றி எழுதப் புகுந்தவர், பின்னர் பேரனுடைய பெட்டியைத் திறந்து காட்ட நேர்ந்தது. 1942-ல் ஹாம்பர்க்கில் அவருக்குப் பதவி அளிக்கப்பட்டது. யுத்த முடிவில் கைதியாகி, 1947-ல் விடுதலை பெற்றுப் பாடஞ் சொல்லத் திரும்பினார். அவருடைய முற்பகுதி வாழ்வில் இருள் ஒன்று உண்டு. அதனைப் பிறகு கூறுவோம்.

ஏறக்குறைய ஐம்பது வயது வரை பிஷரைச் சரித்திர உலகம் பெரிதாக அறியாது. அவரை அறியச் செய்தவை காகிதங்களே. தோல்வியுற்ற ஜெர்மனியின் அந்நிய நாட்டு இலாகாக் கட்டுகளை ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தனர். 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அவை பான் நகருக்குத் திரும்பின. சான்ஸலர் அலுவலகக் கட்டுகளோ கம்யூனிஸ்டு ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரிலிருந்த காப்பகத்தில் கிடந்தன. நாடு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மற்றப் பாதியைப் பகைத்திருந்த காலத்தில், மேற்கிலிருந்து ஒரு பேராசிரியர் கிழக்கே சென்று தூசி படிந்த கட்டுகளை அவிழ்த்துப் படித்தார். மாணாக்கர்களையும் உடன் உழைக்கச் செய்தார். நாற்பது தொகுதிகளில் இடம்பெறாத ராஜதந்திரமெல்லாம் அங்கே உறங்கிக் கிடந்தது.

அவற்றுள் தலையாயது 1914 செப்டம்பர் 9-ந் தேதியிட்ட ஒரு குறிப்பு. சான்ஸலரின் அந்தரங்க உதவியாளரான கூர்ட் ரீட்ஸ்லர் அதனை வரைந்தார். சான்ஸலர் அதனைத் தலைமை முகாமிலிருந்து பெர்லினுக்கு அனுப்பினார். அந்நாளில் மார்ன் நதிக்கரையில் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. பாரிஸ் நகரம் இன்றோ நாளையோ வீழும் என்று ஜெர்மானியர் எதிர்பார்த்திருந்த வேளை. வென்றபின் எதை எதை எடுத்துக்கொள்வது என்பதற்கு இஃது ஒரு ஜாபிதா. பிரான்சு இனித் தலைதூக்காதவாறு நலிவுறுத்தப்பட வேண்டும். பிரியே பகுதியின் இரும்புச் சுரங்கங்களைக் கொடுத்துவிட வேண்டும். பெருந்தொகை அபராதம் செலுத்த வேண்டும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் பிரஷ்யாவோடு சேரவேண்டும். எஞ்சிய பெல்ஜியம் பெயரளவில் நாடாக நின்று ஜெர்மனிக்கு அடங்கிக் கிடக்க வேண்டும். லக்ஸம்பர்க் ஜெர்மனியின் ஒரு மாகாணம் ஆகும். ரஷ்யா கிழக்கே தள்ளப்பட வேண்டும். பிரான்சு, ஹாலந்து, டென்மார்க், ஆஸ்திரியா, போலந்து முதலிய நாடுகளெல்லாம் ஒரே வர்த்தகக் கூட்டாகும். பெயரளவில் சமத்துவம், உண்மையில் தலைமை ஜெர்மனிக்கே. ஆப்பிரிக்காவின் நடுவே ஒரு தொடர்ச்சியான குடியேற்ற நாடும் வேண்டும்.

இதனை எழுதியவர் மீசை முறுக்கிய படைத் தளபதி அல்லர் என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். பெத்மன் ஹால்வெக் சாந்தமூர்த்தி. யுத்தத்தைக் கண்டு வருந்திய உத்தமர். தளபதிகளின் பிடியில் அகப்பட்டுத் தவித்தவர் என்றே நாற்பது ஆண்டுகளாக நூல்கள் சித்திரித்து வந்தன. அந்தச் சாந்தமூர்த்தியின் கையொப்பத்தோடு, யுத்தம் தொடங்கி ஆறே வாரத்துக்குள், ஐரோப்பாவைப் பங்கிடும் ஜாபிதா! இத்துணை விரிவான ஆசை ஆறு வாரத்தில் முளைத்ததா, முன்னரே வேரூன்றி இருந்ததா? பிஷரின் வினா இதுதான்.

பிஷர் தம் ஆராய்ச்சியின் ஒரு பகுதியை 1959-ல் ஒரு சரித்திரப் பத்திரிகையில் வியாசமாக வெளியிட்டார். 1961-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில், “உலக வல்லரசுக்குத் தாவிய கை” என்று நாம் தமிழிற் கூறத்தக்க பெயருடன், ஏறத்தாழத் தொள்ளாயிரம் பக்கமுடைய நூல் வெளிவந்தது. செப்டம்பர்க் குறிப்பு ஒரு தளபதியின் கனவோ, ஒரு மந்திரியின் மயக்கமோ அன்று என்பதற்கு அவர் சான்றுகளை அடுக்கினார். சுரங்க முதலாளிகள் கேட்டார்கள், பாங்கிக்காரர்கள் கேட்டார்கள். கற்றறிந்தோரும் பின்வாங்கவில்லை, 1915-ல் அந்நிய நிலங்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு சர்க்காருக்கு விண்ணப்பம் செய்த 1,347 பேரில் 352 பேர் சர்வகலாசாலைப் பேராசிரியர்கள்! 1918-ல் ரஷ்யாவின்மீது சுமத்திய பிரெஸ்ட் லிடாவ்ஸ்க் உடன்படிக்கையில் அந்த ஆசைகளிற் பல நிறைவேறவும் செய்தன.

நம்மவர்க்கு நேரிய தொடர்புடைய அத்தியாயமும் அந்நூலில் உண்டு. பகைவரின் சாம்ராஜ்யங்களுக்குள்ளே கலகத்தை மூட்டுவது ஜெர்மன் ராஜதந்திரத்தின் ஒரு கை. துருக்கியிலும் இந்தியாவிலும் உள்ள தம் ஏஜண்டுகள் முஸ்லிம் மக்களை ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளப்பவேண்டும் என்று கைஸர் 1914 ஜூலை 30-ந் தேதியே ஒரு தஸ்தாவேஜின் ஓரத்தில் எழுதினார். பெர்லினில் அமைந்த இந்தியக் கமிட்டியும், அதில் உழைத்த செண்பகராமன் பிள்ளையும் நம் வாசகர்க்குப் புதியவர்கள் அல்லர். அவ்வீரர்களின் தேச பக்தியில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களுக்குப் பணமும் துப்பாக்கியும் தர முன்வந்தவர்களின் உள்ளத்தில் இருந்தது இந்தியாவின் விடுதலை அன்று, இங்கிலாந்தின் வீழ்ச்சி. நடு ஆப்பிரிக்காவில் புதிய அடிமைகளைத் தேடிக்கொண்டிருந்த கைதான் இந்தியாவுக்கு விடுதலை தருவதாக நீண்டது. அயர்லாந்தையும் உக்ரேனையும் பற்றி அக்கை நீண்டதும் அவ்வண்ணமே.

பிஷர் 1961-ல் கூறியதை அவர் பகைவர்கள் பெரிதுபடுத்தியது உண்டு. ஆகவே அதனைச் சரியாகச் சொல்லிவிடுவோம். ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டபின், ஜூலை 5-ந் தேதி, நீங்கள் செர்பியாவை என்ன செய்தாலும் நாங்கள் உடன் நிற்போம் என்று கைஸர் ஆஸ்திரியாவுக்கு வாக்களித்தார். தொகை எழுதாத செக்கில் கையெழுத்திட்டார் என்று சரித்திராசிரியர் கூறுவது இதனையே. இதனால் ரஷ்யாவோடும் பிரான்சோடும் யுத்தம் மூளக்கூடும் என்பதை அறிந்தே ஜெர்மன் தலைவர்கள் துணிந்தார்கள். ஆகவே பொறுப்பில் பெரும் பகுதி அவர்களுடையது. முழுப் பொறுப்பும் என்று அவர் அப்போது சொல்லவில்லை.

இருந்தும் என்ன கொந்தளிப்பு! அவ்வாண்டு ஆகஸ்டில்தான் பெர்லின் நகரின் குறுக்கே சுவர் எழுந்திருந்தது. ஜெருசலேமில் ஐக்மன் விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஒரு யுத்தத்தின் பழியைச் சுமக்க மாட்டாமல் தவித்தவர்களிடம் இன்னொரு யுத்தத்தின் பழியையும் கொண்டுவந்து கொடுத்தால் பொறுப்பார்களா?

எதிர்த்து நின்றோருள் முதல்வர் ஃப்ரைபர்க் பேராசிரியர் கெர்ஹார்ட் ரிட்டர். இவரை அற்பர் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. 1888-ல் பிறந்தவர், முதல் யுத்தத்தில் தாமே போர்முனையில் நின்றவர், ஹிட்லரை எதிர்த்தோருடன் தொடர்பு கொண்டதற்காக 1944-ல் சிறை புகுந்தவர். தம் தோழர்கள் எதற்காக மாண்டனர் என்பதற்கு அவர் உள்ளத்தில் ஒரு விடை இருந்தது: தாய்நாட்டின் பாதுகாப்புக்காக. அயல் நாட்டின் இரும்புச் சுரங்கத்துக்காக மாண்டனர் என்று ஒருவர் வந்து சொன்னால் எவ்வாறு தாங்குவார்? பிஷரின் நூல் ஜெர்மானியர் தம் சரித்திரத்தின் முகத்தில் தாமே கரி பூசிக்கொள்வதாகும் என்றும், வளரும் தலைமுறையை நினைத்துக் கவலை கொள்வதாகவும் எழுதினார். அவ்வளவோடு நின்றிருந்தால் அஃது அறிஞர் வாதம்.

ஆனால் அவர் நிற்கவில்லை. 1964-ல் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றுமாறு பிஷர் அழைக்கப்பட்டிருந்தார்; செலவை ஜெர்மன் சர்க்கார்ப் பணம் பெறும் கேதே நிலையம் ஏற்பதாக இருந்தது. ரிட்டர் அந்நிய நாட்டு மந்திரிக்கு எழுதினார், பணம் நிறுத்தப்பட்டது. சிறையிலும் சர்க்காருக்குத் தலைவணங்காத ஒருவர், மற்றோர் அறிஞரின் வாயை அடைக்கச் சர்க்காரின் கையை நாடினார் என்பதை எழுதவே நமக்கு வருத்தமாயிருக்கிறது. அமெரிக்கச் சரித்திராசிரியர் பலர் இதனைக் கண்டித்துப் பகிரங்கமாக எழுதி, தங்கள் நாட்டிலேயே பணம் தேடி அவரை வரவழைத்துக் கொண்டனர். ஹாம்பர்க்கில் மட்டும் அறியப்பட்டிருந்த பேராசிரியரை உலகறியச் செய்தவர்கள் அவர் வாயை அடைக்க முயன்றவர்களே. யுத்தம் தொடங்கிய ஐம்பதாம் ஆண்டாகிய அவ்வாண்டில் சான்ஸலர் எர்ஹார்டும், பார்லிமெண்டுத் தலைவர் கெர்ஸ்டன்மையரும் பிஷரின் கொள்கையை மறுத்துப் பேசினார்கள். நாற்பது ஆண்டுக்குமுன் இலாகாவின் ஒரு மூலையில் நடந்த வேலையை இப்போது மேடையில் நின்று செய்தார்கள்.

அவ்வாண்டு அக்டோபரில் பெர்லினில் ஜெர்மன் சரித்திராசிரியர் மகாநாடு கூடிற்று. ஆயிரம் பேருக்கு மேற்பட்டோர் மண்டபத்தில் நெருங்கி நிற்க, ரிட்டர் ஒரு புறமும் பிஷர் ஒரு புறமுமாகப் பல மணி நேரம் வாதம் நிகழ்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த மாணாக்கர்களில் பெரும்பாலோர் பிஷரின் பக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த பிரிட்ஸ் ஸ்டெர்னும் பேசினார். அவர் ஜெர்மனியிற் பிறந்து, யூதர் என்ற காரணத்தால் சிறு வயதில் ஓட நேர்ந்தவர். ஜெர்மன் சரித்திரத்தில் நேர்ந்தவை எல்லாம் தொழிற்சாலை விபத்துக்களே என்கிறீர்கள். விபத்து ஓயாமல் நேருமானால் அந்தத் தொழிற்சாலையிலேயே ஏதோ கோளாறு உண்டென்று எவருக்கும் தோன்றாதா என்னும் கருத்துப்பட அவர் கேட்டார். ஆலையிலும் தோட்டத்திலும் உழைக்கும் நம் வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1969-ல் பிஷர் தம் இரண்டாவது பெருநூலை வெளியிட்டபோது, எதிர்ப்பினாலோ வயதினாலோ அவர் மென்மையடையவில்லை, முன்னிலும் கடுமையானார். 1912 டிசம்பர் 8-ந் தேதி கைஸர் தம் தரைப்படை, கடற்படைத் தலைவர்களை அழைத்து ஆலோசித்த கூட்டமே அந்நூலின் மையம். யுத்தம் எவ்வளவு விரைவில் வருகிறதோ அவ்வளவு நல்லது என்றார் தரைப்படைத் தலைவர் மோல்ட்கே. கடற்படைத் தலைவர் டிர்ப்பிட்ஸோ ஒன்றரை ஆண்டு தவணை கேட்டார். போர்க்கப்பல்கள் செல்லக் கீல் கால்வாயை அகலப்படுத்தும் வேலை முடியவேண்டும் என்பது அவர் கவலை. அவ்வேலை 1914-ம் ஆண்டின் நடுவில் முடிந்தது. எனவே யுத்தம் அன்றே நிச்சயிக்கப்பட்டது என்றார் பிஷர்.

இங்கே நாம் பிஷரோடு முற்றும் ஒத்துப்போக முடியவில்லை. சான்ஸலர் அக்கூட்டத்துக்கு அழைக்கப்படவே இல்லை. கூட்டத்தில் இருந்த கடற்படை அதிகாரி முல்லரே தம் நாட்குறிப்பில் பலன் ஏறக்குறையப் பூஜ்யம் என்று எழுதி வைத்தார். கோபக்காரக் கைஸர் காலையில் கூடிப் பேசியதெல்லாம் மாலையில் மறப்பது அபூர்வமன்று. பிற நாடுகளின் காகிதங்களைப் பிஷர் அவ்வளவு ஆழ்ந்து பார்க்கவில்லை என்ற குறையும் நியாயமே. ரஷ்யாவும் பிரான்சும் இங்கிலாந்தும் ஆசையற்ற முனிவர்களா? அவர்களும் இரகசியப் பங்கீட்டு உடன்படிக்கைகள் செய்தவர்களே. 2012-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கிறிஸ்தபர் கிளார்க், எல்லா நாட்டுத் தலைவர்களும் தூக்கத்தில் நடப்போரைப் போல நடந்தார்கள் என்று ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியில் அந்நூல் மிக ஏராளமாக விற்றது. ஏன் விற்றது என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. என்றாலும், ஜூலை 5-ந் தேதி வாக்குறுதியையும் செப்டம்பர் 9-ந் தேதி ஜாபிதாவையும் யாரும் மீண்டும் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியவில்லை.

இனி, முன்னே நிறுத்தி வைத்த செய்தி. பிஷர் 1933-ல் ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படையிற் சேர்ந்தவர். 1937-ல் நாஜிக் கட்சியின் அங்கத்தினரானவர். யூத வெறுப்பையே ஆராய்ச்சியாக வளர்த்த வால்டர் பிராங்க் என்பாரின் நிலையத்தோடும் அவருக்குத் தொடர்பிருந்தது. இதனைப் பற்றிய விவரங்கள் அவர் மறைந்தபின் விரிவாக எழுதப்பட்டன. ஹிட்லர் சிறையிலிட்டவர் பழைய ஜெர்மனிக்காக வாதாடினார். ஹிட்லரின் கட்சியில் இருந்தவர் அதன் முகத்திரையைக் கிழித்தார்! தம் பழைய பாவத்துக்குக் கழுவாய் தேடினார் என்று சிலர் சொல்வர். கட்சியில் சேர்ந்தது பதவிக்காக, பின்னர் எதிர்த்தது புகழுக்காக என்று சிலர் சொல்வர். நாம் அவருடைய உள்ளத்துக்கு நீதிபதியல்லர். கட்டை அவிழ்த்துக் காட்டியவனின் கை கறைபட்டதாயினும், கட்டினுள் இருந்த காகிதத்தின் எழுத்து அதனால் மாறுவதில்லை. ஆயினும், தேசம் முழுவதையும் தன் பழைய கணக்கைத் திறக்கச் சொன்னவர் தம் சொந்தக் கணக்கைத் தாமே முன்வந்து திறந்திருந்தால், அவரை இன்னும் உயர்வாகப் போற்றியிருப்போம்.

பிஷர் 1999 டிசம்பர் 1-ந் தேதி தம் 91-ம் வயதில் ஹாம்பர்க்கில் காலமானார். வழக்கு ஓயவில்லை. செப்டம்பர்க் குறிப்பை வரைந்த ரீட்ஸ்லரின் நாட்குறிப்பை, பிஷரை எதிர்த்தோருள் ஒருவரான கார்ல் டீட்ரிக் எர்ட்மன் 1972-ல் பதிப்பித்தார். சான்ஸலரின் அருகிலேயே இருந்தவர் அந்த நாட்களில் எழுதியது அன்றோ, இனி ஐயமெல்லாம் தீரும் என்று பலர் நம்பினர். 1983-ல் பெர்ண்ட் ஸோஸெமன் என்னும் ஆராய்ச்சியாளர் மூலப் பிரதியைப் பரிசோதித்து ஒன்றைக் கண்டார். மற்றக் காலத்துக் குறிப்புகள் நோட்டுப் புத்தகங்களில் எழுதப்பட்டிருக்க, 1914 ஜூலை, ஆகஸ்டு மாதத்துக் குறிப்புகள் மட்டும் தனித்தனித் தாள்களில் இருந்தன.